பதிமூன்று அட்டைகள்

கோணல் தோள்களை நேராக்குவதுதான் என் பிழைப்பு. எங்கள் ஸ்டுடியோவில் அண்ணன் படம் எடுப்பான், நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து திருத்துவேன். கல்யாணப் பெண்ணின் பருவை எடுப்பது, வேலைக்கு விண்ணப்பிக்கிறவனின் கருவளையத்தை வெளுப்பது, ஒரு பக்கம் இறங்கிய தோளைப் பிடித்து மேலே தூக்குவது. வாடிக்கையாளர்கள் என்னை 'டச்சப் அக்கா' என்பார்கள். ஒரு தோளை நிமிர்த்த எனக்கு நாற்பது விநாடி போதும். இருபத்து மூன்று வருடமாக இதைச் செய்கிறேன். இந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன், வேறு யாரும் சொல்லாததால்.

அப்பேர்ப்பட்ட எனக்கு, நாற்பத்து நான்கு வயதில், ஒரு டாக்டர் என் முதுகெலும்பைத் திரையில் போட்டுக் காட்டினார். கழுத்திலிருந்து ஒழுங்காகத்தான் கிளம்பியிருந்தது. நடுமுதுகுக்கு வந்ததும் வலப்பக்கம் ஒதுங்கி, இடுப்பருகே திரும்பி இடப்பக்கம் வளைந்து, ஒரு வழியாகக் கீழே போய்ச் சேர்ந்திருந்தது.

"அறுபத்தி நாலு டிகிரி," என்றார் டாக்டர். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. "எப்ப இருந்து இப்படி?"

"பதினாறு வயசுல இருந்து. அதுக்கப்புறம் கூடல டாக்டர். அப்படியேதான் இருக்கு."

"யார் சொன்னாங்க?"

எல்லோரும் சொன்னதுதான். வீட்டில் அது சுவர்க் கடிகாரம் மாதிரி, இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நான் அவரிடம் போனதே மூச்சுக்காக. ஸ்டுடியோ முதல் மாடியில் இருக்கிறது, இருபத்திரண்டு படி. போன வருடம் வரை ஒரே மூச்சில் ஏறிக்கொண்டிருந்தவள் இப்போது பதினோராவது படியில் நின்று, செல்போனில் ஏதோ முக்கியமான செய்தி வந்த மாதிரி நடிக்கிறேன். மதியத்துக்கு மேல் வலி வந்துவிட்டால், ஒரு வாடிக்கையாளர் போய் அடுத்தவர் வருவதற்குள் தரையில் கொஞ்சம் நீட்டிப் படுத்துக்கொள்கிறேன்.

"வளைவு கூடிட்டே போகுதுன்னா ஆபரேஷன் பத்திப் பேசணும். நின்னுடுச்சுன்னா உடற்பயிற்சி, மருந்துன்னு சமாளிக்கலாம்," என்றார் டாக்டர். "ஆனா எங்கிட்ட இருக்கறது இந்த ஒரே ஒரு எக்ஸ்ரே. ஒரு புள்ளிய வெச்சுக் கோடு போட முடியாதில்லையா? பழைய எக்ஸ்ரே இருந்தா கொண்டு வாங்க. இல்லன்னா பழைய போட்டோ. நேரா எடுத்ததா இருந்தா ஓரளவு தெரியும். அதுவும் இல்லன்னா, ஒரு வருஷம் கழிச்சு இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும்."

"போட்டோவா? நாங்க ஸ்டுடியோவே வெச்சிருக்கோம் டாக்டர்," என்று பெருமையாகச் சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் எக்ஸ்ரேயைக் கேட்டேன். அம்மாவும் நானும் கீழே இருக்கிறோம், அண்ணன் குடும்பம் மேலே. ஸ்டுடியோவை ஆரம்பித்த அப்பா இப்போது இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் எனக்குப் பிடிக்கவில்லை, வேண்டாம் என்றேன். உறவுக்காரர்கள் அந்தப் பழியையும் என் முதுகின் மேல் தூக்கி வைத்தார்கள், பாவம், அதற்கு ஏற்கெனவே சுமை போதாதா?

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அந்த ஃபிலிமா? அத உங்கப்பா கழுவிட்டாரே."

"கழுவிட்டாரா?"

அப்போதெல்லாம் எக்ஸ்ரே ஃபிலிமை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்பெல்லாம் கரைந்து தெளிவான பிளாஸ்டிக் தாள் கிடைக்குமாம். அப்பாவுக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. என் பதினாறு வயது முதுகெலும்பை வாளியில் முக்கித் தேய்த்து, அண்ணனின் கல்யாணப் படத்துக்குக் கண்ணாடிக்குப் பதிலாகப் போட்டிருக்கிறார். படம் கூடத்துச் சுவரில்தான் தொங்குகிறது. எழுந்து போய்ப் பார்த்தேன். அதற்குப் பின்னால் அண்ணி இருபத்தாறு வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஆபரேஷன் வேண்டாம்னு முடிவு பண்ணினப்புறம் அது எதுக்குன்னுதான்..." என்று சொல்லிக்கொண்டே வந்த அம்மா சட்டென்று நிறுத்தினாள். கை மட்டும் கீரையைக் கிள்ளிக்கொண்டிருந்தது.

"என்ன ஆபரேஷன்?"

தலை நிமிராமலே சொன்னாள். பதினாறு வயதிலேயே, அப்போது என்னைப் பார்த்த டாக்டர் ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். இப்போது செய்தால் சுலபம், பிறகு கஷ்டம் என்றும் சொல்லியிருக்கிறார். அப்பாவும் அம்மாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேசி, வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நான் அந்த நேரம் கேன்டீனில் அண்ணனோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஐஸ்கிரீம் எனக்கு நினைவிருக்கிறது.

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

"சின்னப் பொண்ணுடி நீ. உங்கிட்ட என்னத்தக் கேக்கறது? காலு வெளங்காமப் போயிடுமோன்னு பயம். பயத்துல பண்ணினதுதான்."

"முதுகு யாருதும்மா?"

அம்மா கீரைத் தண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கல்யாணப் படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அண்ணிமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் வேறு எதைத் திருப்புவது என்று தெரியவில்லை.

எக்ஸ்ரே இல்லையென்றால் போகிறது, படங்கள் இருக்கின்றன என்று மறுநாள் ஆல்பங்களைக் கொட்டிப் பரப்பினேன். எங்கள் வீட்டில் ஆல்பத்துக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாப் படத்திலும் நான் நிமிர்ந்து நின்றேன். பழைய படங்களில் அப்பா நெகட்டிவிலேயே பென்சில் வைத்துத் தோளைச் சரிசெய்திருந்தார். சிலவற்றில் என்னைப் பெரியம்மாவின் அகலமான உடம்புக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். பிறகு வந்த படங்களில் கை வைத்தது வேறு யாருமில்லை, நானேதான். திருத்தியது போதாதென்று ஒரிஜினல் மேலேயே சேவ் செய்திருந்தேன். வாடிக்கையாளர் படத்துக்கு யாராவது அப்படிச் செய்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

ஊருக்கெல்லாம் படம் எடுத்துக் கொடுக்கிற குடும்பம். இருபத்தெட்டு வருடம். என் முதுகு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு படம் இல்லை.

அப்போதுதான் அடையாள அட்டைப் படங்கள் நினைவுக்கு வந்தன. அவற்றில் கை வைக்கக் கூடாது என்பது விதி, அதை மட்டும் நாங்கள் மீறியதே இல்லை. பெட்டியைத் துழாவி நான்கு படங்களை எடுத்தேன். பதினெட்டு வயது, இருபத்தேழு, முப்பத்தாறு, போன வருடம் எடுத்த நாற்பத்து மூன்று. மேஜையில் வரிசையாக வைத்து, ஸ்கேலை எடுத்துத் தோள்களின் குறுக்கே பிடித்தேன். நான்கிலும் தோள் சமம், மயிரிழை வித்தியாசம் இல்லை.

என் உடம்பை எனக்குத் தெரியும். ரவிக்கை தைக்கிறவள் வலப்பக்கத்துக்கு ஒரு அளவும் இடப்பக்கத்துக்கு ஒரு அளவும் எழுதி வைத்திருக்கிறாள். இது நடக்காத காரியம். படங்களை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் படியேறினேன். பதினோராவது படியில் நிற்கக்கூட இல்லை.

ஸ்டுடியோவில் ஒரு பெரியவர் பாஸ்போர்ட் படத்துக்காக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். நான்கு படங்களையும் அவன் மூக்கு முன்னால் நீட்டினேன்.

"இதுல தோள் எப்படிச் சமமா வந்துச்சு?"

அண்ணன் படத்தைப் பார்த்தான், பெரியவரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். பிறகு அலமாரிக்குப் போய் அடி டிராயரை இழுத்து, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து வந்தான். படம் ஒட்டுகிற சாம்பல் நிற மவுண்ட் அட்டைகள், உள்ளங்கை அகலத்துக்கு வெட்டியவை. பதிமூன்று இருந்தன. ஓரங்களில் பென்சிலால் வருடம் எழுதியிருந்தது.

"ஸ்டூல் ஆடுது, இருன்னு சொல்லுவேன்ல," என்றான். "ஸ்டூல் ஆடல. உனக்கு இடப்பக்கம் அடியில இத வெப்பேன். ரெண்டு தோளும் ஒரே கோட்டுக்கு வர்ற வரைக்கும் ஒவ்வொண்ணா வெப்பேன். மொதத் தடவை மூணு. அடுத்தது ஆறு, அப்புறம் ஒம்போது."

"போன வருஷம்?"

"பதிமூணு."

ஸ்டூல் ஆடுகிறது என்று நம்பி இருபத்தைந்து வருடம் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு தடவை அந்த ஸ்டூலைத் தச்சரிடம் அனுப்பச் சொல்லி அண்ணனோடு சண்டை வேறு போட்டிருக்கிறேன்.

"கூடிட்டே வருதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ? அழுவ. படம் நல்லா வந்தா சந்தோஷமா எறங்கிப் போவ. நான்... நீ சந்தோஷமா போகணும்னு நெனச்சேன்."

அப்புறம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. அப்பாவிலிருந்து ஆரம்பித்து அண்ணன் வரைக்கும் வந்து, மறுபடி அப்பாவுக்குப் போனேன். அண்ணன் அட்டைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றான். மூச்சு வாங்க நான் நிறுத்தியபோது, ஸ்டூலில் இருந்த பெரியவர் மெதுவாக, "நான் வேணா நாளைக்கு வரட்டுமா?" என்றார்.

"உக்காருங்க சார்," என்றேன். "தாடையக் கொஞ்சம் எறக்குங்க. கண்ண மூடாதீங்க." அந்தப் படத்தை நானே எடுத்தேன். நன்றாக வந்தது.

அட்டைகளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். முதலில் ஒரு குழாயில் ஊதச் சொல்லி என் மூச்சைப் பரிசோதித்தார்கள். அவர் பென்சில் எழுத்தைப் பார்த்து, அட்டைகளை எண்ணி, விரலால் கனத்தை அளந்து பார்த்தார். சிரிப்பாரோ என்று பயந்தேன். சிரிக்கவில்லை.

"இந்த மாதிரி ஆதாரத்த நான் பாத்ததே இல்ல," என்றார். "இத வெச்சு டிகிரி சொல்ல முடியாது. ஆனா எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியுது. நிக்கல. கூடிட்டேதான் வந்திருக்கு. உங்க மூச்சுப் பரிசோதனையும் அதத்தான் சொல்லுது."

பிறகு ஒன்றுவிடாமல் சொன்னார். மேல்முதுகிலிருந்து இடுப்பு வரை இரண்டு கம்பி, இருபது திருகாணி. ஏழெட்டு மணி நேரம். எலும்புகள் ஒன்றாகச் சேர்ந்துவிடும், அந்த இடம் அதற்குப் பிறகு வளையாது. மூன்று மாதம் வேலை கிடையாது, முழுதாகத் தேற ஒரு வருடம். நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு நரம்பில் பாதிப்பு வரலாம்.

"நேராயிடுமா?"

"முழுசா ஆகாது. பாதி கொறைக்கலாம். முதுகுல அந்த மேடு கொஞ்சம் இருக்கும். வலி கொறையலாம், ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். கூடறது நிக்கும். அதுக்குத்தான் இது."

"தேதி போடுங்க டாக்டர்."

"இன்னிக்குப் போட மாட்டேன்," என்றார். "கோவமா இருக்கீங்க. உங்க வீட்டு மேல இருக்கற கோவத்துக்கு உங்க முதுகக் குடுக்காதீங்க. இது நாளைக்கே உயிர் போற விஷயம் இல்ல. கோவம் எறங்கட்டும். அப்பவும் வேணும்னு தோணுச்சுன்னா வாங்க."

எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி என்பதால் அது அதிக நேரம் நிற்கவில்லை.

வளையாத முதுகோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று பார்த்துவிடுவது என முடிவு செய்தேன். மருந்துக் கடையில், பின்னால் இரும்புப் பட்டை வைத்த பெரிய பெல்ட் ஒன்றை வாங்கினேன். அண்ணி காலையில் வந்து முழு பலத்தோடு இறுக்கிக் கட்டிவிடுவாள். ஒரு வாரம் குளிக்கும்போது தவிர, தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை.

முதல் நாள் கால் நகம் வெட்ட முடியவில்லை. துணிக் கிளிப் கீழே விழுந்தால் கால் விரலால் கவ்வி எடுத்தேன், இரண்டாம் நாளே அதில் தேறிவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு கைக்குழந்தையைப் படமெடுக்கக் கொண்டு வந்தார்கள். குழந்தைகளுக்கு முன்னால் குப்புறப் படுத்துக் கோமாளித்தனம் செய்து சிரிக்க வைப்பது என் வேலை. பெல்ட்டோடு முதலில் மண்டியிட்டு, கையை ஊன்றி, பக்கவாட்டில் சாய்ந்து, பீரோவை இறக்குகிற மாதிரி என்னை நானே தரையில் இறக்கினேன். குழந்தை அதைப் பார்த்தே சிரித்துத் தள்ளியது. அண்ணன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் அழுதேன். நகத்துக்கோ கிளிப்புக்கோ இல்லை. பதினாறு வயதிலிருந்து நான் சுருண்டு படுத்துத்தான் தூங்குவேன். முழங்காலை நெஞ்சு வரை இழுத்து, தலையை அதில் சேர்த்து. அப்படிப் படுத்தால் முதுகு என்று ஒன்று இருப்பதே தெரியாது. இனிமேல் அது கிடையாது. அதற்காக நன்றாக அழுதேன். அம்மா கதவருகே வந்து நின்றுவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள்.

ஏழாம் நாள் பெல்ட்டைக் கழற்றியபோது தேடிப் பார்த்தேன், கோபம் பெரும்பாலும் இல்லை. அது இருந்த இடத்தில் பயம் இருந்தது, அசல் பயம். கால் விளங்காமல் போகிற பயம், அம்மாவுடைய அதே பயம். அம்மா பொய் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் எனக்கு ஆபரேஷன் வேண்டும் என்றுதான் இருந்தது. பதினோராவது படியில் நிற்காமல் ஏற வேண்டும். அறுபது வயதில் மூச்சுக்கு யாரையும் கெஞ்சக் கூடாது.

அன்றைக்கே எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துச் சொன்னேன்.

"இத்தன வருஷம் சமாளிச்சல்ல?" என்றாள் அம்மா. "இந்த வயசுக்கு மேல நிமிந்து யாருக்குக் காட்டப் போற?"

"காட்டறதுக்கு இல்லம்மா. காட்டறதெல்லாம் இத்தன வருஷம் நல்லாவே காட்டியாச்சு. மூச்சு விடறதுக்கு."

"ஏதாவது ஆயிட்டா?" என்றான் அண்ணன்.

"ஆயிட்டா என் முதுகுல ஆகும். நான் முடிவு பண்ணி ஆகும். போன தடவை நீங்க முடிவு பண்ணி என் முதுகுல ஆச்சு."

"நாங்க ஒன்னப் பாதுகாக்கத்தான்..."

"தெரியும்ணா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நீங்க மூணு பேரும் சேந்து என்னப் பாதுகாத்துப் பாதுகாத்து அறுபத்தி நாலு டிகிரியில கொண்டு வந்து நிறுத்திட்டீங்க."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பயமா இருக்குடி."

"எனக்கும்தாம்மா. பயந்துகிட்டேதான் போறேன்."

இருபத்தாறு வருடமாக எங்கள் குடும்ப விவகாரத்தில் வாயே திறக்காத அண்ணி, "வலிக்கறது அவளுக்கு. அவ சொல்லிட்டா. அப்புறம் என்ன பஞ்சாயத்து?" என்று எழுந்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த தன் கல்யாணப் படத்தைத் திருப்பி மாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள், காகிதங்களில் கையெழுத்துப் போட்டு முடித்ததும், மருத்துவமனையில் முதுகைப் படம் எடுக்க வேண்டும் என்று ஒரு சின்ன அறைக்கு அனுப்பினார்கள். வெள்ளைச் சுவர், ஒரு கேமரா, ஒரு இளம்பெண். மேல்சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னாள். நின்றேன்.

"மேடம், இயல்பா நில்லுங்க."

"இயல்பாத்தான் நிக்கறேன்."

"இல்ல மேடம். நீங்க எதையோ பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க. விட்டுடுங்க."

என்னை நானே பார்த்தேன். இடது குதிகால் தரையிலிருந்து லேசாகத் தூக்கியிருந்தது. வயிறு உள்ளே இழுத்திருந்தது. வலது தோளைக் கீழே அமுக்கி, இடது தோளை மேலே ஏற்றி, மூச்சை அடக்கி வைத்திருந்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. கேமரா என்றதும் உடம்பு தானாகச் செய்துகொண்டது. நான் இயல்பாக எப்படி நிற்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

முதலில் குதிகாலை இறக்கினேன். பிறகு வயிற்றை விட்டேன். தோள் கடைசி வரை அடம்பிடித்தது, மூச்சை விட்டதும் அதுவும் இறங்கியது. விலா எலும்புகள் தங்களுக்கு வேண்டிய பக்கம் போய் உட்கார்ந்துகொண்டன. முன்பின் தெரியாத ஒருத்தி முன்னால் அப்படி நிற்க வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம்தான், பிறகு அதுவும் இல்லை.

"அவ்வளவுதான் மேடம்."

"காட்டுங்க."

கேமராவைத் திருப்பிக் காட்டினாள். விளக்கு சுமார், ஒரு பக்கம் நிழல் விழுந்திருந்தது. நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணின் முதுகு. வலப்பக்கம் ஒரு மேடு, இடப்பக்க இடுப்பில் ஒரு மடிப்பு, நடுவில் வளைந்து இறங்கும் ஒரு பள்ளம். இவ்வளவுதானா என்று இருந்தது. இதையா அப்பா பென்சிலாலும் அண்ணன் அட்டையாலும் நான் மவுஸாலும் மாற்றி மாற்றி மறைத்தோம்? யாரையும் பயமுறுத்துகிற முதுகு இல்லை அது. என்னை இத்தனை தூரம் தூக்கி வந்த முதுகு.

"கொஞ்சம் இருட்டா இருக்கு மேடம், சரி பண்ணிடட்டுமா?" என்றாள் அந்தப் பெண்.

"அதுல யாரும் கை வைக்கக் கூடாது," என்றேன். "நாளைக்கு டாக்டர் வைப்பாங்க. அதுவும் நான் சொன்னதால."